கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

பக்கவாதம் என்ற சந்தேகத்தில் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வரும்போது, பெயரும் வயதும் கேட்ட கையோடு நாங்கள் கேட்பது இதைத்தான்: "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" கை எப்போது விழுந்தது என்று கேட்பதில்லை. கை விழுந்து கிடந்ததை வீட்டார் பார்த்த நேரம் வேறு, அது விழுந்த நேரம் வேறு. மருந்து கொடுக்கலாமா கூடாதா என்பது இரண்டாவதைப் பொறுத்தது. முதலாவதை மட்டும்தான் வீட்டாரால் சொல்ல முடிகிறது.

மலையிலிருந்து வருகிறவர்களிடம் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "ராத்திரி களி தின்னுட்டுப் படுத்துச்சுங்க. காலைல எழுப்புனா எந்திரிக்கல, வாய் கோணிக் கெடக்குது." ஏழு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழும் வழக்கம் உள்ள வீடு. இடையில் பத்து மணி நேரம் யாரும் பார்க்காத இருட்டு. அந்தப் பத்து மணி நேரத்தில் எந்த நிமிஷத்தில் ரத்தக்குழாய் அடைத்தது என்பதை அந்த ஆளின் மூளையிடம்தான் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்பதற்கு எங்களிடம் இருக்கும் வழிதான் எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் டிஃப்யூஷன் ஸ்கேன்.

நான் ஒண்டிக்கடைக்காரன். ஏற்காட்டுக்கு ஏரி பார்க்க வருகிற பலரும் அந்தச் சந்திப்பைத் தாண்டிப் போயிருப்பார்கள்; பெயர் மட்டும் தெரிந்திருக்காது. வேலை கீழே, சேலத்தில். எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். ஒண்டிக்கடையிலிருந்து சேலம் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்க வேண்டும். மாரமங்கலம், செம்மநத்தம் பக்கத்துக் குக்கிராமங்களில் இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஒண்டிக்கடை வந்து சேர்வதே தனிப் பயணம். மழைக்காலத்துப் பனிமூட்டத்தில் வண்டியின் முகப்பு விளக்கு பத்தடிக்கு மேல் காட்டாது. எம்.ஆர்.ஐ. வேண்டுமென்றால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

கெடு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று 1995இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. நாலரை மணி நேரம் தாண்டினால் பலன் குறைந்து, மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து மேலோங்கும். நேரம் தெரியாதவருக்கு என்ன செய்வது? நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. நேரம் தெரியாது என்றால் ஊசி கிடையாது. தூக்கத்திலேயே பக்கவாதம் வந்து எழுந்திருப்பவர்கள் மொத்தத்தில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இருப்பார்கள். அத்தனை பேரும் அந்தப் பதிலோடு வார்டுக்குப் போனார்கள்.

டிஃப்யூஷன் எதைக் காட்டுகிறது? நம் உடம்புக்குள் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. வெப்பத்தால் ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கும். மூளையில் செல்களுக்கு வெளியே இருக்கும் இடைவெளி மொத்தக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு. ரத்தம் நின்றதும் செல்லுக்குள்ளிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்புக்குச் சக்தி கிடைக்காமல் போகிறது. சோடியம் உள்ளே தங்குகிறது. அதன் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகிறது. செல்கள் உப்பி, இடைவெளி பாதிக்கும் கீழே சுருங்குகிறது. மே மாதக் கோடை விழாவில் அண்ணா பூங்காவில் மலர்க்காட்சி நடக்கும் நாட்களில் ஒண்டிக்கடையில் நின்றவர்களுக்கு இது உடனே புரியும். மற்ற நாளில் கைவீசி நடக்கும் அதே தெருவில், அன்று ஒரு ஆள் அரை மணி நேரம் முயன்றாலும் பத்தடி நகர மாட்டார். செத்துக்கொண்டிருக்கும் மூளைப் பகுதியில் தண்ணீரின் நிலை அதுதான்.

இந்த நகர்வை அளக்க ஒரு தந்திரம் செய்கிறோம். காந்தப்புலத்தில் ஒரு சரிவை ஒரு கணம் போட்டு எடுக்கிறோம். சற்று இடைவெளி விட்டு அதே அளவில் இன்னொன்றைப் போடுகிறோம். முதலாவது கலைத்ததை இரண்டாவது சரிசெய்யும். நின்ற இடத்திலேயே நின்ற தண்ணீருக்குக் கணக்கு முழுசாக நேராகி, அதன் சமிக்ஞை அப்படியே திரும்பி வரும். இடையில் இடம் மாறிய தண்ணீருக்குக் கணக்கு நேராகாது, சமிக்ஞை குறையும். ஆகவே ஓடுகிற தண்ணீர் கறுப்பு, முடங்கிய தண்ணீர் வெள்ளை. ரத்தம் நின்ற பகுதி சில நிமிடங்களிலேயே வெள்ளையாகத் தெரியத் தொடங்குகிறது. அதே நேரத்தில் எடுக்கும் சி.டி.யில் பெரும்பாலும் எதுவும் தெரியாது.

இந்த இரட்டைச் சரிவு முறையை 1965இல் ஸ்டெஸ்கால், டானர் என்ற இருவர் எழுதி வைத்தார்கள். சோதனைக்குழாயில் இருக்கும் திரவங்களுக்காக. இருபது வருஷம் கழித்து, பாரிஸில் டெனிஸ் லெ பியான் அதை மனித மூளைக்குக் கொண்டுவந்தார். அவருடைய கட்டுரை 1986இல் வந்தது. 1990இல் கலிஃபோர்னியாவில் மைக்கேல் மோஸ்லியும் கூட்டாளிகளும் பூனைகளின் மூளை ரத்தக்குழாயை அடைத்துவிட்டுப் படம் எடுத்தார்கள். வேறெந்த முறையிலும் தெரியாத சேதம் டிஃப்யூஷனில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்தது. என்னைக் கேட்டால் எங்கள் தொழிலில் எடுக்கப்பட்ட மிக முக்கியமான படங்கள் அந்தப் பூனைகளுடையவைதான். அதற்குமுன் எம்.ஆர்.ஐ. நிதானமாக நடக்கும் காரியம். அவசரத்துக்கு உதவும் என்று யாரும் நினைக்கவில்லை. மூளையின் ஒரு வெட்டை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் படம் பிடித்துவிடும் வேகமுறை பீட்டர் மான்ஸ்ஃபீல்டுடையது. 2003இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த வேகம் இல்லாவிட்டால் டிஃப்யூஷன் மருத்துவமனைக்கு வந்தே இருக்காது. பக்கவாதம் வந்தவர் அசையாமல் படுத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு கை விழுந்திருக்கும், மற்றக் கையால் தலைக்கு மேல் மாட்டிய காயில் கூண்டைப் பிடுங்கப் பார்ப்பார்.

வேலை நடப்பது இப்படி. எங்கள் மெஷினின் காந்தம் ஒன்றரை டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல். உள்ளே விடுவதற்கு முன் உடம்பில் இருக்கும் உலோகம் அத்தனையும் இறங்க வேண்டும். கொலுசு, மெட்டி, மூக்குத்தி, ஜாக்கெட் ஊக்கு, கொண்டை ஊசி, அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து, இடுப்புச் சுருக்குப்பையில் சில்லறையும் பாக்குவெட்டியும். காப்பித் தோட்டத்தில் பழம் எடுக்கும் பெண்களின் கால்விரல்கள் வருஷக்கணக்கில் அகன்று காய்த்துப்போயிருக்கும். கல்யாணத்தன்று போட்ட மெட்டி அந்த விரலைவிட்டு வராது. நூலை விரலில் நெருக்கமாகச் சுற்றி, சோப்பு நுரை போட்டு, நூலின் ஒரு முனையை மெட்டிக்கடியில் விட்டு மெதுவாகச் சுழற்றி எடுக்க வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவருக்கு ஐந்து நிமிடம், பழகியவருக்கு ஒரு நிமிடம். சில வீடுகளில் மெட்டியைக் கழற்றுவதற்குக் கணவரின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் அவசரப்படுத்தும் குரல் உதவாது. "அப்பா, அஞ்சு நிமிசத்துல திருப்பிப் போட்டுருவோம், நீங்களே போட்டுவிடுங்க" என்று சொன்னால் அவரே குனிந்து நூலைப் பிடித்துக்கொள்வார்.

பக்கவாத நோயாளிக்கு நான் முதலில் எடுப்பது டிஃப்யூஷன்தான். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். மெஷின் கரகரவென்று அதிரும். முடிந்ததும் திரையில் வெட்டு வெட்டாகப் படம் வரும். கழுத்தடியிலிருந்து உச்சி வரைக்கும் உருட்டிப் பார்ப்பேன். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டர். ஆனால் படம் முதலில் விழுவது என் கண்ணில். கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் நிற்கும் மகனோ மருமகளோ திரையைப் பார்ப்பதில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டாக்டரைக் கூப்பிட நான் போனை எடுக்கும் வேகத்திலேயே அவர்களுக்குப் பாதி தெரிந்துவிடும்.

ஒரு காப்பிப் பருவத்தில், தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஒரு ஆயாவைக் கொண்டுவந்தார்கள். பேரன் கூட வந்திருந்தான். வலது பக்கம் முழுக்க இழுத்துக்கிடந்தது, பேச்சு வரவில்லை. விடியற்காலை அடுப்புப் பற்றவைக்க எழவில்லையே என்று பார்த்தபோது தெரிந்திருக்கிறது. தோட்டத்து ஜீப்பில் ஒண்டிக்கடை வரை வந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் இறக்கியிருக்கிறார்கள். சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை. நரம்பியல் டாக்டர் தானே எங்கள் அறைக்கு வந்து என் பின்னால் நின்றார். "முதல்ல டிஃப்யூஷன், உடனே ஃப்ளேர். வேற எதுவும் வேண்டாம்."

ஆயா இடது காலை உதைத்துக்கொண்டே இருந்தது. பேரனின் பாக்கெட், பெல்ட், அரைஞாண் எல்லாம் சோதித்துவிட்டு உள்ளே விட்டேன். அவன் காலடியில் நின்று இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு, "ஆயா, நாந்தான். ஆட்டாத. இப்ப முடிஞ்சுரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சத்தம் தொடங்கியதும் கால் நின்றது.

டிஃப்யூஷனில் இடது மூளையின் நடுப்பகுதியில் நான்கைந்து வெட்டுகளில் வெள்ளை. அடுத்து ஃப்ளேர். மூளையில் புதிதாகச் சேர்ந்த தண்ணீரைக் காட்டும் இன்னொரு வகைப் படம் அது. ஆனால் பக்கவாதம் வந்து சில மணி நேரம் கழித்துத்தான் அதில் மாற்றம் ஏறும். டிஃப்யூஷனில் தெரிந்து ஃப்ளேரில் தெரியாவிட்டால் அடைப்பு வந்து நாலரை மணி நேரம் ஆகியிருக்காது என்று பெரும்பாலும் நம்பலாம். இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அதே வெட்டுக்கு வந்தோம். ஃப்ளேரில் அந்த இடம் மற்றப் பக்கத்தைப் போலவே சாம்பல் நிறமாக, ஒன்றும் நடக்காதது போல இருந்தது. டாக்டர் ஒளிர்வைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். "விடியக்காலைதான் வந்திருக்கு" என்றார். ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் ஆயாவை வார்டில் பார்த்தேன். வலது கையை மார்புவரை தூக்கியது, விரல்கள் மூடவில்லை. பேச்சில் சொற்கள் இடறின, ஆனால் பேரனின் பெயர் தெளிவாக வந்தது. மறு வருஷம் காப்பி எடுக்கப் போகவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து மிளகு உதிர்க்கிறது என்று கேள்விப்பட்டேன். இது முழு வெற்றி அல்ல. ஆனால் படுத்த படுக்கைக்கும் வாசலில் உட்கார்ந்து மிளகு உதிர்ப்பதற்கும் உள்ள தூரம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த முறையைச் சோதித்த ஐரோப்பிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. நேரம் தெரியாத 503 பேர். எல்லோருக்கும் டிஃப்யூஷனில் தெரிந்து ஃப்ளேரில் தெரியாத நிலை. ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 53 பேர் மூன்று மாதத்தில் கிட்டத்தட்டத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள். போடாதவர்களில் 42 பேர். மூளைக்குள் கசிவு ஊசி போட்டவர்களிடம் சற்று அதிகமாகத்தான் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் டாக்டர்கள் எடைபோடுகிறார்கள். அதே வருஷம் இன்னும் இரண்டு ஆய்வுகள், தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை விட்டுப் பெரிய ரத்தக்கட்டியை எடுக்கும் சிகிச்சையைத் தக்க நோயாளிகளுக்கு 16 மணி, 24 மணி வரைகூடச் செய்யலாம் என்று காட்டின. தக்கவர் யார் என்று தீர்மானிக்க அங்கேயும் ஏற்கெனவே செத்த பகுதி எவ்வளவு என்று அளந்தாக வேண்டும். அதை அளக்க டிஃப்யூஷனைவிட நல்ல அளவுகோல் கைவசம் இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலையில் இன்னும் ஒரு வழக்கம் போகவில்லை. காலையில் பார்க்கிறார்கள். "ராத்திரியே வந்திருக்கும், இனி போய் என்ன ஆகப்போவுது, வெயில் ஏறட்டும்" என்று ஒரு பெரியவர் சொல்வார். புறாவை அறுத்து அந்தச் சூட்டு ரத்தத்தைக் கையிலும் காலிலும் தேய்ப்பார்கள். வாத எண்ணெய் போட்டு நீவுவார்கள். மதியம் பஸ் பிடித்து வருவார்கள். காய்ந்த புறா ரத்தம் ஒட்டிய கையோடு மேஜையில் ஏற்றிய நோயாளிகள் பலர். ஈரத்துணியால் துடைத்துவிட்டு டிஃப்யூஷன் எடுப்பேன், வெள்ளை இருக்கும். ஃப்ளேர் எடுப்பேன், அதிலும் வெள்ளை இருக்கும். அதற்குமேல் கரைக்கும் ஊசிக்கு வேலையில்லை. காலையில் அவர்கள் பார்த்த நேரத்திலேயே வண்டி ஏறியிருந்தால் ஃப்ளேர் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமலில்லை. ராத்திரி வந்ததா விடியக்காலை வந்ததா என்பதை மலைமேலேயே தீர்ப்பெழுத வேண்டாம். அந்த உரிமை யாருக்கும் இல்லை, படத்துக்கு மட்டும்தான் உண்டு.

எங்கள் மலைக்கே உரிய இன்னொரு சிக்கல், வளைவுகள். இருபது கொண்டை ஊசி வளைவில் இறங்கினால் நல்ல ஆளுக்கே தலை சுற்றும், வாந்தி வரும். வண்டியில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பதும் கவர் மாட்டியிருப்பதும் அதற்குத்தான். இதனாலேயே சிறுமூளையில் வரும் பக்கவாதம் எங்கள் ஊரில் மறைந்துகொள்கிறது. அதில் கை விழாது, வாய் கோணாது. திடீரென்று உலகம் சுற்றும், வாந்தி நிற்காது, நிற்கவைத்தால் ஒரு பக்கமாகச் சாய்வார். "மலை எறங்குனதுல ஆயிருச்சு, படுத்து எந்திரிச்சா சரியாப் போயிரும்" என்று உறவுக்கார வீட்டில் படுக்க வைத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் அந்தப் பகுதி வீங்கி, மூளைத்தண்டை அழுத்தி, ஆள் மயங்கிய பிறகு ஸ்கேனுக்கு வருவார். சி.டி.யில் பின்மண்டை எலும்புகளின் நிழல் விழுவதால் அந்த இடம் சரியாகத் தெரியாது. டிஃப்யூஷனில் சிறுமூளையின் அடிப்பாதி சுண்ணாம்பு பூசியது போல எழும்பி நிற்கும். வளைவு மயக்கம் வண்டி நின்று கொஞ்ச நேரத்தில் குறையத் தொடங்கும். மணிக்கணக்கில் குறையாமல், ஆள் நேராக நடக்க முடியாமல் இருந்தால் அது வளைவு செய்த வேலை அல்ல.

இந்த இடத்தில் என் மெஷினின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். டிஃப்யூஷனில் எதுவும் இல்லை என்றால் பக்கவாதம் இல்லை என்று அர்த்தமாகாது. பக்கவாதம் வந்த நூறு பேரில் ஏழு பேருக்கு முதல் படம் சுத்தமாக இருக்கும். அவர்களில் பின்மண்டைப் பக்கத்துச் சிறு அடைப்புகள்தான் அதிகம். தலைசுற்றலோடு வருபவரின் கண் அசைவுகளை முறையாகச் சோதித்துப் பார்க்கும் நரம்பியல் டாக்டர், முதல் இரண்டு நாளில், படத்தைவிடச் சரியாகச் சொல்லிவிடுவார். ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. அப்படிப்பட்டவர்களை இரண்டு நாள் கழித்து மறுபடி அனுப்புவார்கள். முன்பு கறுப்பாக இருந்த இடத்தில் மிளகளவு வெள்ளை எழுந்திருக்கும்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் அடைப்பும் அல்ல. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போன பெரியவர் ஒருவர், ஒரு பக்கம் விழுந்து பேச்சற்று வந்தார். படத்தில் இரண்டு பக்கமும் நரம்பிழைகள் இறங்கும் பாதையில் வெள்ளை. அடைப்பு இப்படி இரண்டு பக்கமும் அளந்து வைத்தாற்போல வருவது அபூர்வம். ரத்தச் சர்க்கரை பாதாளத்தில் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள்; பேசினார். சில நாள் கழித்து எடுத்த படத்தில் அந்த வெள்ளை போன இடம் தெரியவில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை மலை வீட்டு வாசலுக்கே வருகிறது. எத்தனையோ பக்கவாதத்தை அது தடுத்திருக்கும். மாத்திரையோடு கஞ்சியும் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்பதை வீட்டில் இருப்பவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

டிஃப்யூஷன் படத்தோடு எப்போதும் இன்னொரு படமும் வரும்; ஏ.டி.சி. வரைபடம். தண்ணீர் உண்மையில் எவ்வளவு நகர்கிறது என்ற கணக்கு அது. புதிய அடைப்பு டிஃப்யூஷனில் வெள்ளையாகவும் ஏ.டி.சி.யில் கறுப்பாகவும் இருக்கும். பழைய தழும்பில் தேங்கிய நீர் டிஃப்யூஷனில் வெள்ளையாக மினுங்கி ஏமாற்றும், ஏ.டி.சி.யில் அதுவும் வெள்ளையாகவே இருந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்போது பிலிமைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்புகிறார்கள். ஒரே ஒரு கட்டத்தைப் பெரிதாக்கி, "வெள்ளையா இருக்கே, புதுசா வந்திருக்கா?" என்று கேட்டு மறுபடி ஓடி வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பயத்தில் கேட்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அதனால் பிலிம் அடிக்கும்போது இரண்டு படத்தையும் ஒரே வரிசையில், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தே அடிக்கிறேன்.

என் மனத்தில் ஆழமாகப் பதிந்த படம் பக்கவாதத்துடையது அல்ல. மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடப் பையன் ஒருவன். சின்ன வயதிலிருந்தே ஒரு காதில் சீழ் வடியும். பஞ்சு வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவான். ஒரு வாரமாகத் தலைவலி, பிறகு வலிப்பு. சி.டி.யில் அந்தக் காதுப் பக்கத்து மூளையில் வளையம் போட்ட ஒரு கட்டி தெரிந்திருந்தது. அப்பாவிடம் யாரோ "கட்டி" என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டார்கள். எங்கள் காத்திருப்பு அறையில் அவர் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா மட்டும், "புத்துநோயாங்க சார்?" என்று என்னிடம் கேட்டது.

வளையத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. உள்ளே அழுகிப்போன புற்றுநோய்க் கட்டிக்கும் அதே வளையம். சீழ்க்கட்டிக்கும் அதே வளையம். மருந்தூசி போட்டு எடுக்கும் படத்தில்கூட இரண்டும் ஒன்று போலவே ஒளிரும். ஆனால் உள்ளே இருக்கும் திரவம் வேறு. புற்றுக்கட்டியின் நடுவில் இருப்பது செத்த திசுவின் நீர்த்த கலவை. அங்கே தண்ணீர் தாராளமாக அலையும், டிஃப்யூஷனில் பொதுவாகக் கறுப்பு. சீழ் என்பது வெள்ளணுக்களும் கிருமிகளும் புரதமும் சேர்ந்த கெட்டிக் குழம்பு. அதற்குள் தண்ணீர் நகர வழியில்லை. பையனின் படம் திரையில் விழுந்தபோது அந்த வளையத்துக்குள் முழுக்க வெள்ளை. ஏ.டி.சி.யைத் திறந்தேன்: அதே இடம் மை கொட்டியது போலக் கறுப்பு. டாக்டர் வந்து பார்த்து, "சீழ்தான்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அறுவை சிகிச்சை நிபுணருக்குப் போன் போட்டார். அன்றைக்கே துளைபோட்டு உறிஞ்சினார்கள். பிறகு வாரக்கணக்கில் ஊசி. காது டாக்டர் நோய்க்கு வேராக இருந்த எலும்பைச் சுத்தம் செய்தார். பையன் படிப்பைத் தொடர்ந்தான். மலைப்பள்ளிகளில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும் என்று நான் போகுமிடமெல்லாம் சொல்கிறேன். காது சீழ் வயசுக்கு வந்தால் சரியாகிவிடும் என்பது பொய்.

மூளைக்கு வெளியிலும் இந்தப் படத்துக்கு வேலை பெருகிவிட்டது. செல்கள் நெருங்கி அடைந்த புற்றுக்கட்டிகளில் தண்ணீருக்கு நகர இடமிருக்காது. புராஸ்டேட் சுரப்பியின் வெளிப்பகுதியில் புற்று உண்டா என்று பார்க்க இப்போது உலகம் முழுவதும் பின்பற்றும் விதிமுறையில் முதல் ஓட்டு டிஃப்யூஷனுக்குத்தான். ஈரல், கர்ப்பப்பை, நிணநீர்க்கட்டி என்று பட்டியல் நீளும். ஆனால் பல்லில் உலோகத் தொப்பி போட்டவர்களுக்கும் காற்றறைகளை ஒட்டிய இடங்களிலும் படம் நெளிந்துவிடும். அங்கே கவனம் வேண்டும்.

படுக்கைக்கருகே சக்கரத்தில் தள்ளிக்கொண்டு போகும் சிறிய எம்.ஆர்.ஐ. ஒன்றுக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 0.064 டெஸ்லாதான், சுவரில் இருக்கும் சாதாரண பிளக்கில் ஓடும், டிஃப்யூஷனும் எடுக்கும். பட்டாணியளவுச் சேதம் அதில் தப்பிப்போகும், பெரிய அடைப்பு தப்பாது. அப்படி ஒன்று ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. மலை இறங்கும் நேரத்திலேயே முதல் படம் கீழே இருக்கும் டாக்டரின் கைக்கு வந்துவிடும்.

அதுவரைக்கும் எங்களுக்கு மிகப் பெரிய உதவி ஒரு போன் அழைப்புதான். எங்கள் மேஜையில் எந்நேரமும் யாராவது படுத்திருப்பார்கள். முழங்கால், முதுகுத்தண்டு என்று இருபது, முப்பது நிமிட ஸ்கேன்கள். முன்கூட்டித் தெரிந்தால் அடுத்த ஆளை உள்ளே விடாமல் மேஜையைக் காலியாக வைத்திருப்போம். டாக்டரும் கீழே வந்து நிற்பார். ஊருக்குப் போகும்போதெல்லாம் வண்டி ஓட்டும் அண்ணன் தம்பிகளிடம் நான் சொல்வது இதுதான்: முதலில் 108, கையோடு, போய்ச் சேரப்போகும் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன். கடைசியாக நன்றாகப் பார்த்தது யார், எத்தனை மணிக்கு என்று கேட்டு, முடிந்தால் அந்த ஆளையே வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக்கொள்ளுங்கள். மெட்டியையும் கொலுசையும் வண்டியிலேயே கழற்றப் பாருங்கள். வளைவுகளில் பல இடத்தில் டவர் கிடைக்காது. அதனால் போனை ஒண்டிக்கடையிலேயே போட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.